பந்துவீச்சும் கூலியும்: பல்வங்கர் பாலுவின் ஆட்டவாழ்வு

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் வற்றிய ஏரிக்குள் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடும்போது மட்டைக்குச் சொந்தக்காரன்தான் முதலில் மட்டை பிடிப்பான். மட்டை வாங்க வழியில்லாதவன் பந்து போடுவான். விளையாட்டு வழக்கம்தான். ஆனால் இந்தியக் கிரிக்கெட்டின் தொடக்க காலத்தில் இதுவே எழுதாச் சட்டமாக இருந்தது. மட்டை பிடிப்பது துரைமாரின் பொழுதுபோக்கு. பந்து வீசுவது ஊழியம். பல்வங்கர் பாலுவின் வாழ்வைத் திறமை சாதியை வென்ற கதையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். சாதி அவர் திறமையை வேண்டிய மட்டும் வேலை வாங்கிக்கொண்டது என்பதே என் வாதம்.

தார்வாடில் பிறந்த பாலு, தீண்டத்தகாததென ஒதுக்கப்பட்ட சமார் சாதியினர். புனேயில் ஆங்கிலேயர் சங்கத்து ஆடுகளத்தைக் கூட்டி, உருளை இழுத்து, வலை கட்டும் வேலை. மாதம் 4 ரூபாய். அங்கேதான் சங்கத்து ஆட்டக்காரரான கிரெய்க் துரைக்கு மணிக்கணக்கில் இடக்கைச் சுழல் வீசிக் கை தேர்ந்தார். மட்டையை மட்டும் அங்கு யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. ஐரோப்பியரை வெல்ல ஆசைப்பட்ட புனே இந்துக்கள் அவரைத் தங்கள் அணியில் சேர்த்தார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் கூடாரத்துக்கு வெளியே மண்குவளை, சாப்பாட்டுக்குத் தனித்தட்டு. பந்துக்கு இல்லாத தீட்டு குவளைக்கு எங்கிருந்து வந்தது?

நாளடைவில் உடன் உண்ணும் நிலை வந்தது உண்மை. 1906இல் பம்பாயில் இந்து அணி ஐரோப்பியரை வென்றதில் அவர் பங்கு பெரிது. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அணித்தலைவர் அரசர், சுமை சுமந்தவர் பாலு.

மாற்றம் பந்தி வரை வந்தது, தலைமை வரை வரவில்லை. 1920இல் தம்பியர் விட்டலும் சிவராமும் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்து இந்து அணியிலிருந்து விலகிய பிறகே பாலுவுக்குத் துணைத்தலைமை கிடைத்தது. 1923இல் விட்டல் தலைவரானார். அண்ணனுக்கு அது கடைசிவரை வாய்க்கவில்லை. விட்டலின் தலைமையைக் காட்டி எதிர்வாதம் செய்வோர், அது கேளாமல் வந்த பரிசல்ல என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் கூட்டு அணியில் பாலுவுக்கு நம்பிக்கை போகவில்லை. 1932இல் தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம்.சி.ராஜாவுடன் சேர்ந்து, தாழ்த்தப்பட்டோர் மட்டும் வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதிகளுக்கு மாறாகக் கூட்டுத் தொகுதி முறையை ஆதரித்தார். அம்முறையை ஏற்ற பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1937 பம்பாய்த் தேர்தலில், தம் ஆட்டத்தை ஒருகாலத்தில் வியந்து போற்றிய அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார். கூட்டுத் தொகுதியை ஆதரித்த முடிவு சரியா என்பது வேறு விவாதம்; ஆடுகளத்தில் பட்டதெல்லாம் பட்ட பின்னும் அவர் அதை எடுத்தார் என்பதுதான் ஆய்வாளர் விளக்க வேண்டிய புதிர்.

பூனா ஒப்பந்தம் வகுத்த வழியில், எல்லாச் சாதி வாக்காளரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதிகளாகத்தான் பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதியும், அரியலூரை உள்ளடக்கிய சிதம்பரம் மக்களவைத் தொகுதியும் இன்றும் இருக்கின்றன.