சோவியத் போர்ப் பரப்புரையில் பழைய ரஷ்யா

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி படையெடுத்ததும், மக்களைத் திரட்ட சோவியத் அரசு ரஷ்யாவின் பழைய வீரர்களைத் துணைக்கு அழைத்த முறை. 1812-இல் நெப்போலியனை விரட்டிய ‘தாய்நாட்டுப் போர்’ என்ற பெயரோடு ‘மாபெரும்’ என்ற அடைமொழி சேர்த்து இப்போருக்குச் சூட்டினர். நவம்பர் 7 அன்று, எதிரி மாஸ்கோவை நெருங்கியிருக்க, செஞ்சதுக்கத்தில் ஸ்டாலின் இளவரசர் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி, தளபதிகள் சுவோரவ், குத்தூசவ் ஆகியோரை நினைவூட்டினார். புரட்சி அரசு இளவரசரையும் ஜார்களின் தளபதிகளையும் முன்னோராக ஏற்றது பெரிய திருப்பம்.

நெவ்ஸ்கியின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். 1242-இல் உறைந்த ஏரிமீது ஜெர்மானிய வீரத்துறவியரை வென்றவர் அவர். இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1938-இல் எடுத்த ‘அலெக்சாந்தர் நெவ்ஸ்கி’ படம், 1939 ஆகஸ்டில் ஹிட்லருடன் ஒப்பந்தம் ஆனதும் முடக்கப்பட்டது. 1941-இல் மீண்டும் திரைக்கு வந்தது. மறு ஆண்டு நெவ்ஸ்கி பெயரில் விருதுப் பதக்கம் நிறுவியபோது, அவர் காலத்து உருவப்படம் எதுவும் இல்லாததால், படத்தில் நடித்த செர்காசவின் முகத்தையே பொறித்தனர். மங்கோலியரிடம் நெவ்ஸ்கி பணிந்துபோன வரலாறு பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இத்திருப்பம் சீருடையிலும் தெரிந்தது: 1917 புரட்சியில் பிய்த்தெறியப்பட்ட தோள்பட்டைச் சின்னங்கள் 1943 ஜனவரியில் செஞ்சேனையின் சீருடைக்குத் திரும்பின.