கோடு போட்டவர் யார்? பேத்தமங்களா தொகுதி மறைந்த கதை

பாலாற்றைத் தேக்கிய ஏரியின் கரையில் அமைந்தது எங்கள் பேத்தமங்களா. விஜயாதித்த மங்கலம் என்பது இதன் பழம்பெயர். ஆங்கிலேயர் காலத்தில் கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் இந்த ஏரியிலிருந்துதான் குடிநீர் போயிற்று. தண்ணீரால் முன்பே இணைந்த இவ்விரு ஊர்களும் 2008-இல் ஒரே சட்டமன்றத் தொகுதியாகவும் இணைக்கப்பட்டன. அதன் விளைவை இன்றுவரை நம்மவர் சரியாக எடை போடவில்லை என்பது என் கருத்து.

நான் பட்டம் வாங்கியவனல்லன். பருப்பு மண்டியில் தராசு பிடித்த கை. தமிழ்ச் சமணராகிய நாங்கள் எந்தத் தொகுதியிலும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். கோடு எப்படி விழுந்தாலும் எங்களுக்கு லாபமுமில்லை, நட்டமுமில்லை. ஆகவே நடுநிலையாகச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 1976-இல் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தொகுதிக் கணக்கை உறைய வைத்தது. பின்பு 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தொகுதி மறுவரையறை ஆணையம் அமைந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கே அதற்கு அடிப்படை. கர்நாடகத்தின் மொத்த இடங்கள் 224. அதை மாற்றக் கூடாது. மக்கள்தொகையோ சுமார் 5.28 கோடி. வகுத்துப் பார்த்தால் தொகுதிக்கு ஏறத்தாழ 2.36 லட்சம் பேர். பெங்களூர் வீங்கிவிட்டதால் அந்நகர மாவட்டத்துக்கு மட்டும் 28 இடங்கள் போயின. மொத்தம் கூடாதபோது, ஒரு தட்டில் ஏறினால் இன்னொரு தட்டில் இறங்கத்தானே வேண்டும்? தங்கவயல் நகரம் தனியாக அந்த எண்ணிக்கையை எட்டாது. எனவே பேத்தமங்களா என்ற தொகுதியை எடுத்துவிட்டு, இவ்வட்டாரத்துக் கிராமங்களைத் தங்கவயலோடு சேர்த்தார்கள். 2008 மே மாதம் நடந்த கர்நாடகத் தேர்தலே புதிய எல்லைகளின்படி இந்தியாவில் நடந்த முதல் தேர்தல்.

விளைவைப் பாருங்கள். தங்கவயலில் 1983, 1989, 1999 ஆண்டுகளில் அண்ணா தி.மு.க.வின் பக்தவத்சலம், 1985-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் டி. எஸ். மணி, 1994-இலும் 2004-இலும் குடியரசுக் கட்சியின் எஸ். ராஜேந்திரன் வென்றார்கள். அதற்கு முன்பு சி. எம். ஆறுமுகம் காலத்திலிருந்தே சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் வேர்விட்ட அரசியல் அது. 2008-க்குப் பின் அந்தக் கட்சிகளில் ஒன்றுகூட அங்கே வெல்லவில்லை. பா.ஜ.க. இருமுறை, காங்கிரஸ் இருமுறை. சுருங்கச் சொன்னால், பேத்தமங்களாவுக்குப் பெயர் போயிற்று. தங்கவயலுக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது.

கோடு ஒன்றே காரணம் என்றால் அது பொய்க்கணக்கு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்புக்காகப் பலர் பெங்களூருக்கு ரயிலேறினார்கள். நம்மவர் வாக்கும் சிதறியது. கிராமத்து விவசாயிக்கும் தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டே! யாரும் சூது செய்ததாகவும் நான் சொல்லவில்லை.

சூது நடந்த நாடும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1812-இல் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி ஒப்புதல் அளித்த தொகுதி ஒன்று, சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற பிராணியின் வடிவில் நெளிந்தது. 'ஜெரிமாண்டரிங்' என்ற சொல் அப்படிப் பிறந்ததுதான். அதே நாட்டில், மிச்சிகன் மாநிலத்துச் சாதாரண மக்கள் தெருத்தெருவாகப் போய் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் திரட்டினார்கள். 2018-இல் பொதுவாக்கெடுப்பில் வென்று, கோடு போடும் வேலையை அரசியல்வாதிகளிடமிருந்து பிடுங்கி, 13 குடிமக்கள் கொண்ட ஆணையத்திடம் ஒப்படைத்தார்கள்.

நமக்கு வழியே இல்லையா? இருந்தது! 2002 சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி ஆணையம் தன் வரைவை அரசிதழில் வெளியிட வேண்டும். ஆட்சேபங்களைப் பரிசீலிக்க வேண்டும். பொது அமர்வு நடத்தி மக்கள் குரலைக் கேட்க வேண்டும். ஆணையத்தின் இணை உறுப்பினர்களான சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வாக்குரிமை கிடையாது. ஆகவே ஒரு குடிமகன் எழுதும் மனுவுக்கு அங்கே மதிப்புண்டு. இறுதி ஆணை வந்தபின் கதவு மூடிக்கொள்ளும். அரசியல் சட்டத்தின் 329-ஆவது பிரிவைக் காட்டி, நீதிமன்றம் இதில் தலையிடாது என்று 1966-இலேயே மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பட்டமான தன்னிச்சை தெரிந்தால் மட்டும் பார்க்கலாம் என்று 2024-இல் ஒரு சிறு இடுக்கு திறந்தது.

இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வரைவு வந்த காலத்தில் கன்னட நாளிதழில் தொகுதிப் பட்டியலை நானே பார்த்தேன். "இதெல்லாம் கட்சிக்காரங்க பாடு, நமக்கெதுக்கு?" என்று மடித்து வைத்தேன். மறுநாள் அந்தத் தாளில்தான் கால்கிலோ துவரம்பருப்பு பொட்டலமாகப் போயிற்று. சுரங்கக் குடியிருப்பிலிருந்து வழக்கமாக வரும் முதியவர் ஒருவர் தேர்தல் முடிந்தபின் கேட்டார்: "என்ன நயினாரே, நம்ம ஓட்டெல்லாம் எங்க போச்சு?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2002-இன் 84-ஆவது திருத்தம் அடுத்த பங்கீட்டை 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை தள்ளிவைத்தது. அடுத்த வரைவு எப்போது வந்தாலும் நம் சங்கம் மூன்று காரியம் செய்யலாம்: அரசிதழைப் படிக்க இரண்டு பேரை நியமிப்பது, வார்டு வாரியாக மக்கள்தொகைக் கணக்கைக் கையில் வைத்திருப்பது, கன்னடக்காரர் தெலுங்கர் என்று பாராமல் அக்கம்பக்கத்து ஊராரோடு சேர்ந்து மனு எழுதுவது. வாக்களிப்பதற்கு முன்பே தேர்தல் பாதி நடந்துவிடுகிறது என்பதை நான் இவ்வளவு காலம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். இளையவர்கள் முந்திக்கொள்ளட்டும். பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.