கடல் கடந்த குதிரையும் காப்பீடும்

மழைக்காலப் பந்தயங்களுக்காக மும்பையிலிருந்து புணேக்கும், குளிர்காலப் பந்தயங்களுக்காகப் புணேயிலிருந்து மும்பைக்கும் குதிரைகள் வண்டியேறிச் செல்வதை அந்நகரங்களில் வாழும் நம்மவரிற் பலர் கண்டிருப்பர். மலைப்பாதையில் அவ்வண்டி சாய்ந்தால் வண்டியும் போகும். அதனினும் விலைமிகுந்த குதிரையும் போகும். ஆகவே, குதிரையேற்றும் டிரெய்லருக்குக் காப்பீடு செய்வதா, வேண்டாமா என்று அதன் உரிமையாளர் கணக்குப் பார்க்கிறார். மோட்டார் வண்டியோடு பிறந்த கேள்வி இது என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்துக்கு அருகிலிருந்த காயல் துறைமுகத்தில் இக்கேள்விக்கு ஒரு விடை காணப்பட்டது. அன்று குதிரையைச் சுமந்த வண்டி, பாய்மரக் கப்பல்.

பாண்டிய மன்னர்களுக்குக் குதிரைப் படை வேண்டும். நல்ல போர்க்குதிரைகளோ அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்துமே வரவேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹார்முஸ் துறையில் தாம் கண்ட கப்பல்களை விவரித்துள்ளார். இரும்பாணி இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைக்கப்பட்ட பலகைகள், ஒரே பாய்மரம், மேல்தளம் கிடையாது. சரக்கின்மேல் தோல்களை விரித்து, அத்தோல்களின்மேல் இந்தியாவுக்கு விற்கக் கொண்டுவரும் குதிரைகளை நிறுத்துவார்களாம். இத்தகைய கப்பல்கள் பல கடலில் அழிந்தன என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

இந்த ஆபத்தை யார் ஏற்பது? பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இதற்கு விடை தருகிறார். பாரசீக வளைகுடாவிலுள்ள கிஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிநாட்டுக் கரையில் இறக்குவதென்பது உடன்படிக்கை. குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினார். வழியில் குதிரைக்கு ஊறு நேர்ந்தாலும், அது இறந்தேபோனாலும், அதன் விலையை அரசுக் கருவூலமே கொடுத்துவிடும். பத்திரமும் பிரீமியமும் இல்லையெனினும், காப்பீட்டின் உயிர்நாடி இதில் துடிப்பதை நாம் காண்கிறோம்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் விஜயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மரும் இவ்வழியையே பின்பற்றினார். ஆயிரம் பர்தாவோ பொன்னுக்கு மூன்று குதிரை வீதம், உயிரோடிருந்தாலும் இறந்தாலும் அவர் வாங்கிக்கொண்டார் என்றும், கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலே முழு விலையும் கொடுத்தார் என்றும் போர்த்துகீசியரான நூனிஸ் குறித்துள்ளார்.

மன்னர்கள் இவ்வளவு தாராளமாக நடந்துகொண்டது ஏன்? நஷ்டம் முழுவதும் தன் தலையில் விழுமாயின் வணிகன் விலையை உயர்த்துவான். அல்லது வேறு துறைமுகம் தேடிப் போவான். ஒரே புயல் ஒரு வணிகனை ஓட்டாண்டியாக்கிவிடும். கருவூலமோ அதனைத் தாங்கிக்கொள்ளும். தாங்க இயலாதவனிடமிருந்து தாங்க வல்லவனிடம் சுமை மாறுகிறது. காப்பீடு என்பது இதுவே.

ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. வாலுக்கே விலை கிடைக்குமென்றால், குதிரையின் உயிரைக் காக்க வணிகன் எவ்வளவு பாடுபடுவான்? கரையேறிய குதிரைகளின் கதியும் நன்றாக இல்லை. ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கிய மன்னரிடம் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும், பேணத் தெரியாமையே அதற்குக் காரணம் என்றும் மார்க்கோ போலோ கூறுகிறார். காப்பீடு விலையைத்தான் மீட்டுத் தரும். பேணும் கையின் வேலையை அது செய்யாது.

மேற்குக் கரை வணிகர்கள் வேறொரு முறையைக் கையாண்டனர். அதற்கு ஜோக்கமி உண்டியல் என்று பெயர். சரக்கு அனுப்புகிறவருக்கு உண்டியல் வாங்குபவர் முன்கூட்டியே பணம் கொடுப்பார். சரக்குக் கரைசேர்ந்தால் அதனைப் பெறுபவர் உண்டியலுக்குப் பணம் செலுத்துவார். மூழ்கினால் செலுத்த வேண்டியதில்லை. நஷ்டம் உண்டியல் வாங்கியவரைச் சேரும். அந்த ஆபத்துக்கான கூலியை அவர் முதலிலேயே விலையில் கழித்துக்கொள்வார். இங்கே மன்னரின் இடத்தில் வணிகரே அமர்ந்துவிட்டார்.

இனி, இன்றைய வண்டிக்காரரிடம் திரும்புவோம். சாலையில் பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்பீட்டில் அவர் விருப்பத்துக்கு இடமில்லை; 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியுள்ளது. அச்சட்டத்தில் மோட்டார் வாகனம் என்பது டிரெய்லரையும் உள்ளடக்கும். அவர் தாமே முடிவு செய்யவேண்டியது தம் வண்டிக்கு நேரும் சேதத்தைப் பற்றித்தான். பழைய வண்டி நொறுங்கினால் வேறொன்றைக் கைப்பணத்தில் வாங்க இயலுமா? இயலுமெனில், அவரே தமக்குக் கருவூலம். கடன்பட்டு வாங்கிய வண்டி, ஒரு விபத்தில் பிழைப்பே போய்விடும் என்ற நிலையிலிருந்தால், ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையைக் கொடுத்துச் சுமையை மாற்றிவிடுவதே அறிவுடைமை. வண்டியின் பத்திரம் குதிரையையும் காக்குமென்று மட்டும் அவர் எண்ணிவிடலாகாது. குதிரைக்குக் காப்பீடு தனியே உண்டு.

காயல் துறைமுகம் மணல் மூடிப் போயிற்று. நஷ்டம் வந்தால் தாங்குபவர் யார் என்று புறப்படுமுன்பே கேட்டுத் தெளிந்த அதன் வணிகர்களின் விவேகம் மட்டும் இன்றும் நமக்கு உதவும்.