குளவிக் கொட்டு: உயிரைப் பறிப்பது நஞ்சு மட்டுமல்ல

மலையகத்திலிருந்து வரும் செய்திகளில் ஆண்டு முழுவதும் மாறாத ஒன்று உண்டு. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர் என்பதே அது. கொத்மலை, பூண்டுலோயா, இறம்பொடை, ஹட்டன் என்று இடத்தின் பெயர் மாத்திரம் மாறும். தோட்டங்களோடும் இது நிற்பதில்லை. ஹப்புகஸ்தலாவை போன்ற கிராமங்களில் வீட்டுத் தோட்டத்தைத் துப்புரவு செய்பவரும், பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளையும் இதற்கு ஆளாகின்றனர். தென்மாகாணத் தேயிலைப் பிரதேசமான தெனியாயவில் இவ்வாறு கொட்டப்பட்ட 322 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2015ஆம் ஆண்டு இலங்கை மருத்துவ சஞ்சிகையில் வெளியாகியிருந்தது.

பெரும்பாலானோர் ஓரிரு நாட்களில் வீடு திரும்புகின்றனர். சிலர் திரும்புவதில்லை. ஐம்பது கொட்டு வாங்கியவர் பிழைத்துக்கொள்ள, இரண்டே கொட்டு வாங்கியவர் இறந்துபோவதும் உண்டு. இதைத் தலைவிதி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். மருத்துவ விஞ்ஞானமோ இதற்கான விளக்கத்தை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தேடத் தொடங்கிவிட்டது.

நாம் 'குளவி' என்று பொதுப்படச் சொல்வது இருவேறு பூச்சிகளை. சிங்களத்தில் 'பம்பரா' எனப்படுவது உயர்ந்த மரக்கிளையிலும் பாறை முகட்டிலும் ஒற்றை அடையைத் தொங்கவிடும் பெருந்தேனீ. 'தெபரா' எனப்படுவதே உண்மையான குளவி. தேனீ தன் கொடுக்கை உடலிலேயே விட்டுச் செல்கிறது. அதிலிருந்து எழும் வாசனை கூட்டத்தின் ஏனைய தேனீக்களையும் அவ்விடத்துக்கே அழைக்கிறது. குளவியின் கொடுக்கு உடலில் தங்குவதில்லை; அது திரும்பத் திரும்பக் கொட்டும். இந்த வேறுபாடு சிகிச்சைக்கும் முக்கியமானது.

மரணமும் இருவகைப்படும். நூற்றுக்கணக்கில் கொட்டப்பட்டவரின் உடலில் நஞ்சின் அளவே பெரிது. தசைகளும் செங்குருதிக் கலங்களும் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கலாம். இது மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் நிகழ்வது. மற்றது நிமிடங்களில் முடிந்துவிடுவது. அங்கே கொல்வது நஞ்சன்று; கொட்டப்பட்டவரின் சொந்த நிர்ப்பீடனத் தொகுதியே.

1901ஆம் ஆண்டு மொனாக்கோ இளவரசரின் ஆய்வுக் கப்பலில் கடல்வாழ் உயிரினங்களின் நஞ்சை ஆராயத் தொடங்கிய பிரெஞ்சு விஞ்ஞானிகளான சார்ள்ஸ் ரிஷேயும் போல் போர்ட்டியேயும், பின்னர் பாரிஸில் நாய்களுக்கு அந்நஞ்சைச் சிறிதளவு ஏற்றினர். முதல் ஊசி பாதுகாப்புத் தரும் என்பதே எதிர்பார்ப்பு. நடந்ததோ நேர்மாறு. சில வாரங்களின் பின் மிகக் குறைந்த அளவு செலுத்தப்பட்டபோதே நாய்கள் இறந்தன. பாதுகாப்புக்கு எதிரானது என்ற பொருளில் இதற்கு 'அனாபிலாக்சிஸ்' எனப் பெயரிட்டனர். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது.

காரணமான பிறபொருளெதிரி 1960களின் இறுதியிலேயே இனங்காணப்பட்டது. அதன் பெயர் ஐ.ஜி.ஈ. முதற்கொட்டின் பின் சிலரது உடல், நஞ்சிலுள்ள புரதத்துக்கு எதிராக இதனை உருவாக்கி, தோல், சுவாசப்பாதை முதலியவற்றிலுள்ள மாஸ்ட் கலங்களின் மேல் காவல் வைப்பது போல் வைத்துவிடுகிறது. அடுத்த கொட்டில் அக்கலங்கள் ஒரே நேரத்தில் வெடித்தாற்போல் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டுகின்றன. குருதிக் குழாய்கள் விரிந்து அழுத்தம் வீழ்கிறது, தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது. ஆகவே 'போன முறை கொட்டியும் ஒன்றும் ஆகவில்லை' என்பது ஒருவருக்கும் உத்தரவாதமாகாது.

பிரித்தானியாவில் இவ்வாறு இறந்தவர்களைப் பற்றி 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றின்படி, பூச்சிக் கொட்டினால் மூச்சோ இதயமோ நின்றுபோக எடுத்த நேரம் ஏறத்தாழ 15 நிமிடங்கள். கொழுந்து மலையிலிருந்து ஒருவரைத் தூக்கி வந்து, லொறி பிடித்து, நாவலப்பிட்டிக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுசேர்க்க எவ்வளவு நேரமாகும் என்பது தோட்டத்தவருக்குத் தெரியும். 1990 அம்பியூலன்ஸ் சேவை வந்திருப்பது பேருதவிதான். ஆனால் அதுவும் தோட்டப் பாதையில்தான் ஏறி வரவேண்டும்.

இந்நிலையில் உயிர்காப்பது அட்ரினலின் ஒன்றே. வயது வந்தவருக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில், தாமதமின்றி. அதன் விலையும் அதிகமில்லை. நம்மவர் முதலில் தேடும் பிரிட்டோன் மாத்திரை அரிப்பைத் தணிக்குமேயன்றி வீழ்ந்த குருதியழுத்தத்தை உயர்த்தாது. மயக்கமுற்றவரைக் கால்களை உயர்த்திப் படுக்கவைக்க வேண்டும். லொறியில் நிமிர்த்தி உட்காரவைப்பதே ஆபத்தாகிவிடலாம். பெரட்டுக் களத்திலோ கொழுந்து மடுவத்திலோ இம்மருந்தும், அதை ஏற்றப் பயிற்றப்பட்ட ஒருவரும் இருந்தால் என்ன? ஒவ்வொரு மரணத்தின் பின்னும் கூடுகளை அகற்றுவது பற்றி மட்டும் பேசும் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் இதைக் கேட்பதாகத் தெரியவில்லை.

உயிர் தப்பியவரின் நிலை என்ன? அவர் மறுபடியும் அதே மலைக்குத்தான் போகிறார். கடும் ஒவ்வாமைக்கு ஆளானவருக்கே அடுத்த கொட்டு பேராபத்து. இவர்களுக்கென ஒரு சிகிச்சை உண்டு. அதே நஞ்சை மிக நுண்ணிய அளவிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஊசியாக ஏற்றுவது. உடல் காலப்போக்கில் நஞ்சைத் தடுக்கும் வேறுவகைப் பிறபொருளெதிரிகளை உருவாக்கி, வெறியாட்டத்தைக் கைவிடுகிறது. முன்னர் முழுப் பூச்சியையும் அரைத்தெடுத்த சாற்றையே வைத்தியர்கள் பல தசாப்தங்களாக ஏற்றி வந்தனர். 1978இல் அமெரிக்காவில் நடந்த ஒப்பீட்டுப் பரிசோதனை, அச்சாறு வெறும் போலி மருந்தை விட மேலானதல்ல என்றும், தூய நஞ்சே பாதுகாப்பளிக்கிறது என்றும் காட்டியது. தேனீக்கு ஒவ்வாமையா குளவிக்கா என்பது தெரிந்தால்தான் எந்த நஞ்சை ஏற்றுவது எனத் தீர்மானிக்கலாம். கொட்டிய பூச்சியை அடையாளம் காண்பது இதனாலேயே அவசியமாகிறது.

நாட்டில் நிர்ப்பீடனவியல் நிபுணர்கள் மிகச் சிலரே. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் இதற்கான பிரிவு உண்டு. கொத்மலைத் தோட்டமொன்றிலிருந்து அங்கு போய்வர ஒரு முழு நாள் கழியும். சிகிச்சையோ ஆரம்பத்தில் வாரந்தோறும், பின்னர் மாதந்தோறும் என மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை நீள்வது. நாட்சம்பளத்தில் வாழும் ஒரு பெண்ணுக்கு அந்த ஊசி நாட்கள் ஒவ்வொன்றும் பேர் விழாத நாட்களே.