இரவல் தட்டு

சென்ற மாதம் பரணை ஒழிக்கும்போது, பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்று அகப்பட்டது. மடித்த காகித உறை. அதன்மேல் 'சாரா 1' என்று எண். 'ஸீ அர்ச்சின்ஸ்' என்ற கோஷ்டி பாடிய 'பிரிஸ்டைன் கிறிஸ்டீன்'. இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகரில் நான் மாணவனாக இருந்தபோது அறைத் தோழனிடம் இரவல் வாங்கியது. ஒரு வாரத்தில் தருகிறேன் என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

1987 நவம்பரில் அதை வெளியிட்டவர்கள் கிளேர் வாட், மாட் ஹேய்ன்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள். அதற்குமுன் தனித்தனியே சொந்தமாகச் சிறு பத்திரிகை நடத்தியவர்கள். (நம் ஊர்க் கையெழுத்துப் பத்திரிகைக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக் கொள்ளுங்களேன்.) 'சாரா ரெக்கார்ட்ஸ்' என்று கம்பெனிக்குப் பெயர்தான் பெரிது, காரியாலயம் ஒரு வீட்டின் நிலவறை. கொள்கைக்கு மட்டும் குறைவில்லை. ஒரே பாட்டைச் சின்னத் தட்டில் ஒரு தரம், பெரிய தட்டில் ஒரு தரம் என்று ரசிகன் தலையில் கட்டுவது மோசடி என்பது அவர்கள் கட்சி. மாணவன் கைக்காசுக்கு எட்டுகிற சின்னத் தட்டுதான் அவர்களுக்கு உயர்ந்தது.

லண்டன் வாரப் பத்திரிகைகள் அவர்களுடைய பாட்டுகளைப் பெண்பிள்ளைத்தனம் என்று கேலி செய்தன. பெண்பிள்ளைத்தனம் என்றால் அது ஏன் வசவாக வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வி அப்போது உறைக்கவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். தோழன் முகம் சுருங்கிற்று.

1995 ஆகஸ்டில் நூறாவது வெளியீடு வந்தது. 'தேர் அண்ட் பேக் அகெய்ன் லேன்' என்று அதற்குப் பெயர். பிரிஸ்டலில் நிஜமாகவே அப்படி ஒரு சந்து உண்டு. நூறு ஆனதும், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, துறைமுகத்தில் 'தெக்ளா' என்ற கப்பலில் விருந்தும் வைத்துக் கடையை மூடிவிட்டார்கள். நொடித்துப் போய் அல்ல. போதும் என்று தோன்றியதால்! வியாபாரத்தில் இப்படி ஒரு காரணத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

தட்டின் இன்றைய விலையைத் தேடிப் பார்த்த என் மாப்பிள்ளை வாயைப் பிளந்தார். ஏழை மாணவனுக்கென்று செய்த பண்டத்துக்குச் சேகரிப்பவர்கள் கொட்டிக் கொடுக்கிறார்களாம். "வித்துவிடுங்கள், மாமா" என்றார். யாருடைய சொத்தை?

ஓடவிட்டுக் கேட்டேன். கிதார்கள் சலங்கை மாதிரிக் கிணுகிணுத்தன. உறையின் மூலையில் பென்சிலால் தோழன் பெயரின் முதலெழுத்து. அவன் பெற்றோரின் பழைய விலாசத்துக்குக் கடிதம் எழுதி, பதினைந்தாம் நாள் பதில் வந்துவிட்டது, அவனே எழுதியிருந்தான். அட்டை, நூல் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்குக் கட்டி அனுப்ப வேண்டும். நேற்றும் அப்படித்தான் நினைத்தேன்.