மறுமொழி பெறாத வாசகர்

பத்திரிகைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆசிரிய தலையங்கங்களையும் அவற்றை எழுதிய பெரியோர்களையுமே நோக்குவர். அத்தலையங்கத்தைப் படித்துவிட்டுக் கடைச் சிப்பந்தி ஒருவர் எழுதியனுப்பிய கடிதமும், அதற்கு விடையிறுப்பதற்காகப் பத்திராதிபர் விழித்திருந்த இரவும் அவர்களது கணக்கில் ஏறுவதில்லை. ஆயினும் ஒரு பத்திரிகை யாருடையது என்பதை அதன் முகப்பு வாசகத்தைக் காட்டிலும், அது யாருடைய கடிதத்துக்கு மறுமொழி கூறிற்று என்பதே தெளிவாகக் காட்டும். இந்நோக்குடன் தென்னாபிரிக்காவில் வெளிவந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ என்னும் வார ஏட்டின் கதையை இங்கு ஆராய்வோம். தமிழரின் உழைப்போடும் கண்ணீரோடும் நேரடித் தொடர்புடைய கதை அது.

அவ்வேடு 1903 ஆம் ஆண்டு யூன் மாதம் 4 ஆம் திகதி டேர்பன் நகரில் தோன்றியது. மதன்ஜித் வியவகாரிக் என்பவரின் அச்சகத்தில் அச்சாயிற்று. மன்சுக்லால் நாசர் முதல் ஆசிரியராக அமர்ந்தார். பொருளும் பொறுப்பும் பெரும்பகுதி காந்தியுடையன. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் அது வெளிவந்தது. 1904 ஆம் ஆண்டின் இறுதியில் அச்சகம் டேர்பனுக்கு 14 மைல் தொலைவிலுள்ள பீனிக்ஸ் பண்ணைக்குப் பெயர்ந்தது. எழுதுவோரும், எழுத்துக் கோப்போரும், நிலத்தைக் கொத்துவோரும் அங்கு ஒரே வகையினராயினர். நிறமோ நாடோ பாராது ஒவ்வொருவருக்கும் மாதம் 3 பவுண் படி என்பது அப்பண்ணையின் விதி. இந்த 3 பவுண் என்னும் தொகையை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்களாக. இக்கட்டுரையில் அது மீண்டும் தலைகாட்டும்.

ஏடு தொடங்கிய நாள் முதலே கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றுள் அன்பு மொழிகளும் இருந்தன, கண்டனங்களும் இருந்தன, கசப்பும் இருந்தது. அக்கடிதங்களை ஆழ்ந்து படித்து அவற்றுக்கு விடை எழுதியமை தமக்குச் சிறந்ததொரு கல்வியாக அமைந்தது என்றும், சமூகம் தன்னோடு உரக்கச் சிந்திப்பது போல அது இருந்தது என்றும் காந்தி தம் சுயசரிதையிற் பின்னாளிற் குறிப்பிட்டுள்ளார். சிறையில் இருந்த காலங்கள் நீங்கலாக, 1914 வரை அவரது எழுத்து இல்லாத இதழ் அரிதாகவே வெளிவந்தது. வழக்கறிஞர் தொழில், பொதுப்பணி, சிறைவாசம் ஆகியவற்றுக்கிடையில் இம்மறுமொழிக் கடனையும் அவர் சுமந்தார் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். கடிதம் எழுதியவர் காத்திருக்கிறார் என்னும் உணர்வு இல்லாதவரிடம் இத்தகைய உழைப்பு பிறவாது.

இவ்வுழைப்பின் பயன் ஒருவழிப் பயன் அன்று. 1907 ஆம் ஆண்டின் இறுதியில், தாம் நடத்தும் போராட்டத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் பொருந்தாது என்று கண்ட காந்தி, தகுந்ததோர் இந்தியச் சொல்லைத் தருமாறு வாசகர்களை வேண்டினார், பரிசும் அறிவித்தார். வந்த விடைகளுள் மகன்லால் காந்தி அனுப்பிய ‘சதாக்கிரகம்’ என்னும் சொல் அவர் கருத்தைக் கவர்ந்தது. அதனைச் சற்றே திருத்தி ‘சத்தியாக்கிரகம்’ என்றாக்கினார். பின்னர் ஒரு துணைக்கண்டம் முழுவதும் ஒலித்த அச்சொல், ஒரு வார ஏடு தன் வாசகரிடம் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடையிலிருந்து பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது. தலைவர்கள் தருவர், மக்கள் பெறுவர் என்று மாத்திரமே சரித்திரத்தைப் படித்துப் பழகிய நமக்கு இச்சிறு நிகழ்ச்சி ஒரு பாடம்.

1909 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து திரும்பும் கப்பலில் காந்தி ‘இந்த் சுவராஜ்’ என்னும் நூலைக் குஜராத்தியில் எழுதினார். வலக்கை சோர்ந்தபோது இடக்கையாலும் எழுதினார். அடுத்த மாதமே இந்தியன் ஒப்பீனியனில் அது வெளிவந்தது. அந்நூலின் வடிவம் கவனத்துக்குரியது. ஒரு வாசகர் வினவுகிறார். பத்திராதிபர் விடை கூறுகிறார். வாசகர் சினக்கிறார், மறுக்கிறார், குறுக்கிடுகிறார். அந்நூலின் கருத்துகள் யாவற்றையும் நாம் ஏற்பதற்கில்லை. இயந்திரத்தையும் நவீன மருத்துவத்தையும் அது பழிக்கும் முறை, உழைக்கும் மக்களின் விடுதலையை முன்னிறுத்துவோர்க்கு உடன்பாடானதன்று. ஆனால், பல ஆண்டுகள் கடிதங்களுக்கு மறுமொழி எழுதிப் பழகிய கை, ஓர் அரசியற் கொள்கையை விளக்க முற்பட்டபோதும் அதே உருவத்தை நாடிற்று என்பது தெளிவு.

இதுவரை கூறியது கதையின் ஒளி மிகுந்த பக்கம். மறுபக்கத்தை நோக்காது விடுவோமாயின் நாம் வரலாறு எழுதியவராகோம், புகழுரை எழுதியவராவோம்.

அக்கடிதங்களை எழுதியவர்கள் யாவர்? எழுதத் தெரிந்தவர்கள்; சந்தா செலுத்தக் கூடியவர்கள்; பெரும்பாலும் வணிகரும், அவர்தம் கணக்கப்பிள்ளைகளும், எழுதுவினைஞரும். 1894 இல் தோன்றிய நேட்டால் இந்தியக் காங்கிரசும் இவ்வகுப்பினரையே முதன்மையாகக் கொண்டிருந்தது. அதன் ஆண்டுச் சந்தா 3 பவுண். தென்னாபிரிக்க இந்தியருள் மிகப் பெரும் பகுதியினரோ வேறு உலகத்தில் வாழ்ந்தனர். 1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் திகதி ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து முதல் தொகுதியினரை டேர்பனிற் கொண்டு சேர்த்தது. அன்று தொடக்கம் 1911 வரை 152,000 இற்கு மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே வந்தவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். நமது மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்ட அதே வறண்ட தமிழ் மாவட்டங்கள் நேட்டாலின் கரும்புக் காடுகளுக்கும் ஆட்களை ஈந்தன.

ஒப்பந்தத் தொழிலாளியின் முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 சிலிங். ஆண்டுக்கு ஒரு சிலிங் வீதம் அது கூடும். ஒப்பந்தம் முடிந்தபின் அவன் சுதந்திர மனிதனாக அந்நாட்டில் வாழ விரும்பினால், 1895 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் 3 பவுண் வரி செலுத்துதல் வேண்டும். முதலாண்டுச் சம்பளத்திற் கணக்கிட்டால் அது ஆறு மாத உழைப்பு. பின்னர் 16 வயதான மகனுக்கும் 13 வயதான மகளுக்கும் கூட அவ்வரி நீட்டப்பட்டது. வணிகர் சங்கத்தில் அமர்வதற்கு ஆண்டுக்கு 3 பவுண். உழைப்பாளி உயிரோடிருப்பதற்கும் ஆண்டுக்கு 3 பவுண். எண் ஒன்று, வர்க்கங்கள் இரண்டு.

இம்மனிதர்களுக்கும் ஏட்டுக்கும் இடையிற் பாலமாக அமைந்திருக்க வேண்டியது தமிழ்ப் பகுதி. ஆனால் 1906 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அது நிறுத்தப்பட்டது. இந்திப் பகுதியும் உடன் நின்றது. தகுந்த தமிழ் எழுத்தாளரும் எழுத்துக் கோப்போரும் பண்ணையில் வந்து தங்கக் கிடைக்கவில்லை என்பதும், தாம் படித்தறிய இயலாத பகுதிக்குப் பொறுப்பேற்க இயலவில்லை என்பதும் காரணங்கள். காந்தி பலமுறை தமிழ் கற்க முயன்றார், சிறையிலும் முயன்றார். அம்முயற்சி முதிரவில்லை. இதனைத் தனியொருவரின் குறையாகக் கருதுவது எளிது, அது சரியுமன்று. மறுமொழி கூறுதல் நல்ல மனம் ஒன்றினால் மாத்திரம் நிறைவேறும் காரியமன்று. அதற்கு மொழி வேண்டும், அச்செழுத்து வேண்டும், கோக்கும் கை வேண்டும், அவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். எந்த வகுப்பிடம் பணம் இருந்ததோ, அந்த வகுப்பின் மொழிகள் அவ்வேட்டில் நிலைத்தன.

இவ்வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தவர்களுள் பி. எஸ். ஐயர் குறிப்பிடத்தக்கவர். 1908 இல் டேர்பனில் ‘ஆபிரிக்கன் குரோனிக்கிள்’ என்னும் ஏட்டினைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அவர் தொடங்கினார். 3 பவுண் வரியை எதிர்த்துத் தொடர்ந்து எழுதினார். அவ்வரியைக் காந்தி போராட்டத்தின் மையமாகக் கொள்ளத் தயங்கிய காலத்தில் அவரைக் கண்டிக்கவும் பின்வாங்கினாரல்லர். வரலாற்று நூல்களின் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட அம்மனிதரின் பெயரை நமது மாணவர் அறிந்திருத்தல் நன்று.

கடிதம் எழுத இயலாதவனும் கேள்வி கேட்கத்தான் செய்தான். 1894 இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, எசமானனால் அடியுண்டு, பற்கள் உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவனாய்க் காந்தியின் அலுவலகத்தில் வந்து நின்றான். அங்கிருந்த தமிழ் எழுதுவினைஞர் ஒருவரே அவனுடைய சொற்களை எடுத்துரைத்தார். அவனது உடலே அவன் கொண்டுவந்த கடிதம். காந்தி அவனை வேறோர் எசமானனிடம் மாற்றிக் கொடுத்தார். ஒருவனுக்கு அது விடை. அவனை அடிப்பதற்கு உரிமையளித்த ஒப்பந்த முறைக்கு விடையாகாது. அந்த விடையைத் தொழிலாளர் தாமே எழுதவேண்டியிருந்தது.

1913 ஒக்டோபரில் அவர்கள் அதனை எழுதினர். திரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து வந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே சென்று, 3 பவுண் வரியின் கொடுமையை அவர்களுக்குப் புரியும் மொழியில் எடுத்துக் கூறினர். தம்பி நாயுடுவும் உடன் உழைத்தார். சுரங்கங்களில் வேலை நின்றது. பெண்கள் சிறைப்பட்டனர். நவம்பர் 6 ஆம் திகதி காந்தி தலைமையில் 2,037 ஆண்களும், 127 பெண்களும், 57 குழந்தைகளும் திரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தனர். தலைவர் கைதானார், வேலைநிறுத்தம் நிற்கவில்லை. கரும்புத் தோட்டங்களுக்குத் தீப்போலப் பரவிற்று. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். சிறையில் நோயுற்ற இளம்பெண் வள்ளியம்மை, விடுதலையானபின் 1914 பெப்ரவரியில் உயிர் நீத்தாள். அவ்வாண்டிலேயே 3 பவுண் வரி ஒழிக்கப்பட்டது.

இப்போராட்டத்தின் நடுவே நிகழ்ந்த ஒரு சிறு செய்தியே நமது கட்டுரையின் உயிர்நிலை. 1913 ஆம் ஆண்டின் முடிவில், வேலைநிறுத்தத்துக்குப் பின்னர், இந்தியன் ஒப்பீனியனில் தமிழும் இந்தியும் மீண்டும் இடம்பெற்றன. ஏறத்தாழ எட்டாண்டுகள் ஆள் கிடையாது, எழுத்துக் கிடையாது என்றிருந்த பக்கங்கள், உழைப்பாளர் எழுந்து நின்றதும் திறந்துகொண்டன. கடிதம் எழுதாத வாசகர்கள் வேலைநிறுத்தத்தினால் தம் கடிதத்தை எழுதினர்; ஏடு அவர்கள் மொழியில் மறுமொழி கூறிற்று. கருணையினால் திறவாத கதவு போராட்டத்தினால் திறந்தது.

இவ்வேட்டின் சந்தாதாரர் தொகை போராட்டக் காலத்திலும் ஏறத்தாழ 3,500 அளவிலேயே இருந்தது. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது வழக்கமாதலின் அதன் செல்வாக்கு அத்தொகையினும் பெரிது. ஆயினும் கேட்போர் வட்டத்துக்கும் அப்பால் வேறொரு மக்கட் கூட்டம் இருந்தது. பீனிக்சுக்கு அயலிலுள்ள இனாந்தாவில் வாழ்ந்த ஜோன் டூபே, அதே 1903 ஆம் ஆண்டிற் சூலு மக்களுக்காக ‘இலங்கா லாசே நேட்டால்’ என்னும் ஏட்டினைத் தொடங்கியிருந்தார். அண்டை அயலில் இருந்தும், ஒரே ஆட்சியின் கீழ் நசுக்குண்டும், அவ்விரு மக்களின் குறைகளும் வெவ்வேறு ஏடுகளிலேயே எழுதப்பட்டன. இந்தியன் ஒப்பீனியன் 1961 வரை வாழ்ந்தது. அது தோன்றிய காலத்து ஒதுக்கல் கொள்கையின் சுவர் அச்சுத் தாளிலும் எழுந்து நின்றது என்பதை அதன் புகழைப் பாடுவோரும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இனி, நாம் பெறத்தக்கது யாது? வாசகர் கடிதத்துக்கு மறுமொழி எழுதுதல் ஓர் உபசாரம் என்று கருதும் பத்திராதிபர் பலர். அது உபசாரமன்று, கடன். ஆனால் மேசைமீது வந்து சேர்ந்த கடிதங்களுக்கெல்லாம் விடை எழுதிவிட்டோம் என்று பேனாவை மூடிவைப்பவரும் அக்கடனில் பாதியையே தீர்த்தவராவர். வந்து சேராத கடிதங்கள் எவை, அவற்றை எழுதாதவர் யாவர், ஏன் எழுதவில்லை என்னும் கேள்விகள் எஞ்சி நிற்கின்றன. அவற்றுக்கு விடை காணும் பொறுப்பு பத்திராதிபரோடு முடிவதன்று. வகுப்பறையிற் கடிதம் எழுதக் கற்பிக்கும் நமக்கும் அதிற் பங்குண்டு. ‘ஐயா’ என்று தொடங்கி ‘இங்ஙனம்’ என்று முடிக்கும் முறையைக் கற்பிப்பதோடு அமையாது, தோட்டத்து லயத்திலும் மீனவர் குடிசையிலும் இருந்து வரும் மாணவன் தன் வீட்டாரின் குறையை ஏட்டுக்கு எழுதவும், விடை வராதபோது விடாது மீண்டும் கேட்கவும் துணிவு கொள்ளுமாறு செய்வோமாயின், மறுமொழி பெறாத வாசகரின் தொகை நம் நாட்டிலேனும் குறையும்.