பதினொரு நிமிடத் தேகப்பயிற்சி

தேகப்பயிற்சி என்றதும் விசாலமான மைதானமும் கருவிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. 1950-களில் கனடா நாட்டு விமானப்படையின் தொலைதூர நிலையங்கள் பலவற்றில் இவ்வசதிகள் இல்லை. அதனால் பில் ஆர்பன் என்பார் அப்படையினருக்கென ஐந்தே பயிற்சிகள் கொண்ட திட்டமொன்றை வகுத்தார். குனிந்து நிமிர்தல், மல்லாந்து படுத்து எழுந்திருத்தல், குப்புறக் கிடந்து தலையும் காலும் உயர்த்தல், தண்டால் ஆகிய நான்கிற்கும் சேர்த்து ஐந்து நிமிடம். நின்ற இடத்திலேயே ஓடுவதற்கு ஆறு நிமிடம். நாளடைவில் நேரம் கூடுவதில்லை. அதற்குள் செய்யும் எண்ணிக்கையே கூடும். பெண்களுக்கெனப் பத்துப் பயிற்சிகளைப் பன்னிரண்டு நிமிடத்தில் அடக்கிய திட்டமும் பின்னர் வந்தது.

நேயர்களே, என்னைக் கவர்ந்தது வேறொன்று. எத்துணை வல்லவனும் அடிப்படியிலிருந்தே தொடங்க வேண்டும். எட்ட வேண்டிய படியோ வயதுக்கேற்ப மாறும். வகுப்பு முழுவதையும் ஒரே எண்ணிக்கைக்கு ஆட்டிவைத்து, ஈடுகொடுக்க இயலாத பையனை வேப்பமரத்தடியில் உட்காரவைத்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன்.